பிரிசில்லா, வயது 10

1756 ஜூன் கடைசியில், தென் கரோலினாவின் நெல் பண்ணை முதலாளி எலியாஸ் பால் தன் கணக்குப் புத்தகத்தில் ஒரு கொள்முதலைக் குறித்து வைத்தார். நான்கு பையன்கள், இரண்டு பெண் பிள்ளைகள், ஆறு பேருக்கும் சேர்த்து 600 பவுண்டு. சான்சோ, பீட்டர், புரூட்டஸ், ஹாரி, பெலிண்டா, பிரிசில்லா. வயதைக் கண்ணால் மதித்து எழுதினார்: சிறுமிகளுக்குப் பத்து, எல்லோரிலும் இளையவனுக்கு ஆறு. பெற்றவள் கூப்பிட்ட பெயர் எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை.

பிரிசில்லா வந்தது மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனிலிருந்து. அது நெல் விளையும் கரை. கரோலினா முதலாளிகள் அந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள். சதுப்பில் வரப்பு கட்டி, மடை வைத்து, நீரை ஏற்றி இறக்கி நெல் வளர்க்கும் வித்தை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆளைத் திருடியபோது தலைமுறை தலைமுறையாகத் தேறிய உழவறிவையும் சேர்த்தே திருடினார்கள். நெல்லை அறிந்த நமக்கு இதன் கனம் புரியும்.

எலியாஸின் வம்சம் 1698 முதல் 1865 வரை கூப்பர் ஆற்றங்கரையில் இருபதுக்கும் மேற்பட்ட பண்ணைகளை வைத்திருந்தது. அடிமைப்பட்டு அங்கே உழைத்தவர்கள் ஏறக்குறைய 4,000 பேர். யாருக்குப் போர்வை கொடுத்தது, யாருக்குச் செருப்பு, எவளுக்கு எந்தத் தேதியில் குழந்தை பிறந்தது என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். பிறந்த குழந்தையும் சொத்துக் கணக்கில் சேர்ந்ததால்தான் அந்த அக்கறை. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலையான பிறகும் காகிதங்கள் குடும்பத்தின் கையிலேயே இருந்தன. வம்சப் பெருமைக்காகப் பத்திரப்படுத்தியவற்றைப் பின்னாளில் சார்ல்ஸ்டனிலும் வேறு ஊர்களிலும் உள்ள ஆவணக் காப்பகங்களுக்குக் கொடுத்தார்கள்.

விடுதலையானவர்களிடம் அப்படி ஒரு தாளும் இல்லை. 1850, 1860 ஆண்டுகளின் அடிமைக் கணக்கெடுப்பில் முதலாளியின் பெயருக்குக் கீழே வயதும் பாலினமும் நிறமும் மட்டும் இருக்கும். 1870இல்தான் அவர்கள் பெயரோடு மக்கள்தொகைக் கணக்கில் ஏறினார்கள். அதற்கு முன்னால் தன் பாட்டி யார் என்று ஒருவர் தேடினால், பெரும்பாலும் அந்தப் பாட்டியை விலைக்கு வாங்கியவன் வீட்டுக் கணக்கைத்தான் புரட்ட வேண்டும்.

1990களில் அதே வம்சத்தில் வந்த பத்திரிகையாளர் எட்வர்ட் பால் அந்தக் கணக்குகளைப் படிக்க உட்கார்ந்தார். பழையதைக் கிளறாதே என்றார்கள் உறவினர் சிலர். அவர் விடவில்லை. பிரிசில்லாவின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், 1811இல் அவள் இறந்தது என ஒவ்வொரு பதிவாகக் கோத்துக்கொண்டே வந்து, சார்ல்ஸ்டனில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வாசலை அடைந்தார். இப்படி அவர் தேடிச் சென்ற வீடுகள் பல. அந்தத் தேடலை எழுதிய நூலுக்கு 1998இல் அமெரிக்காவின் தேசிய புத்தக விருது கிடைத்தது. அவர் மன்னிப்பும் கேட்டார். நான் அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மன்னிப்பைவிடப் பெரிய காரியம், பூட்டிக் கிடந்த வம்சாவளியை அதற்கு உரியவர்களின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தது என்றே நினைக்கிறேன். முன்னோர் செய்ததை எண்ணி வீட்டுக்குள் வருந்திக்கொண்டே இருந்தால் யாருடைய பாட்டியும் கிடைக்கப்போவதில்லை.

சியரா லியோனில் நெடுங்காலம் பணியாற்றிய அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் ஓபாலா, நியூயார்க் காப்பகம் ஒன்றில் 'ஹேர்' என்ற அடிமைக் கப்பலின் கணக்குகளைக் கண்டெடுத்தார். ரோட் ஐலண்டின் நியூபோர்ட் நகரத்து வெர்னன் சகோதரர்களின் கப்பல் அது. 1756 ஏப்ரலில் சியரா லியோனிலிருந்து புறப்பட்டது. சார்ல்ஸ்டனில் அதன் மனிதச் சரக்கை விற்றுக் கொடுத்த வணிகர்களில் ஒருவர் ஹென்றி லாரன்ஸ். பின்னாளில் அமெரிக்க விடுதலைப் போராட்டத்தின்போது காங்கிரஸின் தலைவராக இருந்தவர். அந்த விற்பனைக் கணக்கில் எலியாஸ் பாலின் பெயர் இருந்தது. விற்றவனின் ஏடும் வாங்கியவனின் ஏடும் பொருந்தின. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து இன்றைய வீடுவரை அறுபடாத காகிதத் தடம் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்குக் கிடைப்பது மிக மிக அரிது.

2005இல் பிரிசில்லாவின் ஏழாம் தலைமுறைப் பேத்தி சியரா லியோனுக்குப் போனார். பிரிசில்லாவே வீடு திரும்பியதாகக் கொண்டாடி நாடே அவரை வரவேற்றது.

பால் பண்ணைகளில் உழைத்தவர்களின் சந்ததியினர் இன்று 75,000 முதல் 1,00,000 பேர்வரை இருக்கலாம் என்பது எட்வர்டின் கணிப்பு. இவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் முன்னோர் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று தெரியாது. அந்த ஏடுகள் இன்று காப்பகத்தில் இருக்கின்றன. கேட்பவர் எவரும் எடுத்துப் படிக்கலாம்.