எல்லை மாற்றமும் வகுப்பறை மொழியும்: குமரி மாவட்டம், 1956

திருவிதாங்கூர் ஆட்சியில் நாஞ்சில் நாட்டின் மக்கள்மொழி தமிழாக இருந்தது. அரசு அலுவல்களில் மலையாளமே மேலோங்கி நின்றது. நேசமணி முன்னின்று நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராட்டத்தின் அடிப்படை இம்முரணே. 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச்சூடு உயிர்களைப் பலிகொண்டது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன.

இவ்விணைப்பு மொழிச் சிறுபான்மை என்னும் நிலையை ஒழிக்கவில்லை. அது யாருக்குரியது என்பதையே மாற்றியது. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகள் அன்று சிறுபான்மையினராயினர். அதே நாளில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் ஏழாம் திருத்தம் 350-அ பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்பது அதன் சாரம். மலையாளவழிப் பள்ளிகள் இம்மாவட்டத்தில் தொடர்ந்து இயங்கின.

2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், பத்தாம் வகுப்பு வரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. வாழும் மாநிலத்தின் மொழியை அறிவது மாணவருக்கு வாய்ப்பு. தாய்மொழியை இழந்து அதனைப் பெறுவது இழப்பு. தமிழர் அன்று கோரிய மொழியுரிமையே, இன்று மலையாள மாணவரைத் தமிழ்நாடு நடத்தும் முறைக்கும் அளவுகோலாகும்.