மோட்டார்ப் புகையும் ஈயப் பகையும்

1943-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரை ஒருநாள் பழுப்புநிறப் புகைமூட்டம் கவிந்துகொண்டது. கண்கள் எரிந்தன, தொண்டை கமறியது. போர்க்காலம் ஆதலின், பகைவர் நச்சுவாயுவை ஏவிவிட்டனரோ என்றுகூட மக்கள் அஞ்சினர். பின்னர்ப் பழி, செயற்கை ரப்பருக்கு மூலப்பொருள் செய்த ஆலை ஒன்றின்மீது விழுந்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டமையால் அமெரிக்கா செயற்கை ரப்பரை நாடியிருந்த நேரம் அது. ஆலையை நிறுத்தியும் புகை நீங்கவில்லை.

உண்மையைக் கண்டவர் கலிபோர்னியாவில் பணியாற்றிய பேராசிரியர் ஹாகன்-ஸ்மிட். ஹாலந்தில் பிறந்த இவர் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். மணத்தை ஆராய்ந்த முறையையே நகரக் காற்றுக்கும் கையாண்டார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் கூடி, ஓசோன் முதலிய எரிச்சலூட்டும் பொருள்களாகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் நிறுவினார். மோட்டார் வண்டியே அதற்குப் பெருங்காரணம் என்பதைக் கம்பெனிகள் எளிதில் ஒப்பவில்லை.

புகையைத் தூய்மை செய்ய முன்வந்தவர்களுள் பிரெஞ்சுப் பொறியாளர் யூஜீன் ஹூட்ரி குறிப்பிடத்தக்கவர். அவர் நம்பியது வினையூக்கியை. தான் செலவாகாமல் பிற பொருள்களின் மாற்றத்தை விரைவாக்குவது வினையூக்கி. பிளாட்டினம் போன்ற உலோகம் பூசிய பரப்பின்மீது சூடான புகை செல்லும்போது, உயிர்கொல்லியான கார்பன் மோனாக்சைடு கரியமில வாயுவாகிறது. எரியாத பெட்ரோல் ஆவி நீராகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. 1956-இல் ஹூட்ரிக்கு இதற்கான காப்புரிமை கிடைத்தது. ஆயினும் கருவி வண்டிகளில் ஏறவில்லை. தடுத்தது ஈயம்.

எஞ்சின் 'தட்டும்' ஓசையை அடக்க, ஈயச் சேர்மம் ஒன்று உதவும் என்று தாமஸ் மிட்ஜ்லி 1921-இல் கண்டார். 1923-இல் அது பெட்ரோலில் கலந்து விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே நியூஜெர்சி ஆலை ஒன்றில் அதைக் கையாண்ட தொழிலாளர் ஐவர் சித்தங் கலங்கி மாண்டனர். எனினும், தடை செய்யப் போதிய காரணமில்லை என்று 1926-இல் ஒரு நிபுணர் குழு கூறிவிட்டது. அந்த ஈயமே புகையோடு வந்து வினையூக்கியின்மேல் படிந்தது. படிந்தபின் வாயு உலோகத்தைத் தொடவே வழியில்லை.

1970-இல் இயற்றப்பட்ட தூய காற்றுச் சட்டம், சில ஆண்டுகளுக்குள் புகையின் கேட்டை 90 விழுக்காடு குறைக்க வேண்டுமென்றது. பெரும்பாலான வண்டிகளுக்கு வினையூக்கியன்றி அது அரிது. ஆகவே 1974 ஜூலை முதல் அமெரிக்க நிலையங்களில் ஈயமற்ற பெட்ரோலும் கிடைக்கலாயிற்று. 1975-ஆம் ஆண்டு வண்டிகளில் பெரும்பாலானவை கருவியுடன் வந்தன. ஈயப் பெட்ரோல் குழாய் நுழையாதபடி அவற்றின் தொட்டிவாய் குறுக்கப்பட்டது. விலை மலிவை நாடிய சிலரோ புனலை வைத்து ஊற்றினர்! சில முறை நிரப்பினாலே கருவி கெட்டுவிடும்.

ஈயம் ஒன்றே அதன் பகையன்று. உள்ளே இருப்பது தேன்கூடுபோல் நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி. ஸ்பார்க் பிளக் ஒன்று பற்றவைக்கத் தவறினால், எரியாத பெட்ரோல் கருவிக்குள் சென்று எரியும். பீங்கான் உருகித் துளைகள் அடைபடும். புகை வெளியேற வழியின்றி வண்டி வலுவிழக்கும். எஞ்சின் எண்ணெயிலுள்ள பாஸ்பரசும் மெல்ல மெல்லப் படியும். பின்னர் வந்த மும்முனைக் கருவி நைட்ரஜன் ஆக்சைடுகளையும் மாற்றவல்லது. ஆனால் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற எடையளவு பிசகக்கூடாது. அதைக் காக்கப் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் உணர்கருவி வேண்டும். 1977-ஆம் ஆண்டு வால்வோ வண்டிகள் கலிபோர்னியாவில் இவ்விரண்டையும் கொண்டு வந்தன. உணர்கருவி முதுமையடைந்து பொய் சொன்னால், நல்ல வினையூக்கியும் பயன்படாது.

ஈயமற்ற பெட்ரோல் விற்கவேண்டும் என்ற ஆணைக்குக் காட்டப்பட்ட காரணம் குழந்தைகளின் நலமன்று. கருவியின் நலம் என்பது வியப்புக்குரியது. உடல்நலத்தின் பேரால் ஈய அளவைக் குறைக்கும் ஆணை 1973 இறுதியில் தனியே பிறந்து, வழக்காடி, 1976-இல்தான் நிலைபெற்றது. 1976 முதல் 1980 வரை அமெரிக்க மக்களின் குருதியில் ஈயம் சராசரி 37 விழுக்காடு குறைந்ததை ஆய்வு காட்டிற்று. 1996-இல் அந்நாட்டுச் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்பது முற்றும் தடைபட்டது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா அதன் விற்பனையை நிறுத்தியது 2021-இல்.