ஹாஜி முஹ்ஸினின் ஒன்பது பங்குகள்: கல்வி உதவித்தொகை வரலாற்றில் ஓர் ஏடு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் நம் அரபுக் கல்லூரியின் வாயிலில் புதிய முகங்கள் தென்படுவது வழக்கம். அவர்கள் நம் மாணவர்கள் அல்லர். அக்கம்பக்கத்து மேல்நிலைப் பள்ளிகளில் நல்ல மதிப்பெண் பெற்று, கல்லூரியில் சேர வழியின்றி, யாரிடம் விண்ணப்பம் கொடுத்தால் உதவித்தொகை கிடைக்கும் என்று கேட்டு வருகின்ற பிள்ளைகள். தந்தையர் சற்றுத் தள்ளி, தயக்கத்துடன் நிற்பார்கள். கேட்பது யாசகம் என்ற கூச்சம் அந்த நிற்றலிலேயே தெரியும். இந்தக் கூச்சம் நம் சமுதாயத்திற்கு எப்போது வந்தது என்ற கேள்வியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று. ஏனெனில், இஸ்லாமியக் கல்வி வரலாற்றின் பெரும் பகுதியில் மாணவர் பெற்ற உதவித்தொகை பிச்சையாகக் கருதப்பட்டதில்லை; அது வக்ஃபுப் பத்திரத்தில் எழுதிவைக்கப்பட்ட உரிமையாக இருந்தது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இளமையை இங்கு நினைவுகூரலாம். தூஸ் நகரில் பிறந்த அவர்களும் தம்பி அஹ்மதும் சிறுவயதிலேயே தந்தையை இழந்தனர். தந்தை தம் பிள்ளைகளையும், தம்மிடமிருந்த சிறு தொகையையும் ஸூஃபியான நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். அத்தொகை செலவாகித் தீர்ந்ததும் அந்த ஏழை நண்பர் சிறுவர்களை அழைத்து, இனி நீங்கள் ஒரு மத்ரஸாவில் மாணவர்களாகச் சேர்ந்துவிடுவதே நல்லது, அங்கு உங்களுக்கு உணவு கிடைக்கும் என்று அறிவுரை கூறியதாக, ஷாஃபிஈ அறிஞர்களின் வரலாற்றைத் தொகுத்த இமாம் சுப்கீ பதிவு செய்கிறார். அல்லாஹ்வுக்காக அன்றி வேறொன்றுக்காகக் கல்வியைத் தேடிச் சென்றோம், ஆனால் கல்வியோ அவனுக்காக அன்றி இருக்க மறுத்துவிட்டது என்ற கருத்துப்பட இமாமவர்கள் பிற்காலத்தில் கூறுவதுண்டாம். அச்சொல்லின் ஆன்மிகப் பொருளை நம் உலமாக்கள் பலமுறை விளக்கியிருக்கிறார்கள். அதற்கு ஒரு பொருளாதாரப் பொருளும் உண்டென்பதை நாம் கவனித்ததில்லை. உணவுக்கு வழி இருந்த மத்ரஸா அன்று இல்லாதிருப்பின், பின்னாளில் ஹிஜ்ரி 484-இல் (கி.பி. 1091) பக்தாதின் நிஜாமிய்யாவில் பேராசிரியராக அமர்ந்த அந்த அறிவு தூஸ் நகரின் ஏதோ ஒரு பட்டறையில் ஒடுங்கிப்போயிருக்கக் கூடும்.

இந்த ஏற்பாடு எவ்வளவு நுணுக்கம் பெற்றது என்பதற்கு, கலீஃபா முஸ்தன்ஸிர் பில்லாஹ் பக்தாதில் திஜ்லா நதிக்கரையில் எழுப்பிய முஸ்தன்ஸிரிய்யாவே சான்று. ஹிஜ்ரி 631-இல் (கி.பி. 1234) திறக்கப்பட்ட அக்கல்விக்கூடத்தில் நான்கு மத்ஹபுகளுக்கும் இடம் இருந்தது. மத்ஹபு ஒன்றுக்கு 62 மாணவர் என ஆக மொத்தம் 248 இடங்கள். மாணவருக்கு மாதம் ஒரு தங்க தீனார். அத்துடன் ரொட்டி, இறைச்சி முதலிய உணவுப்பொருள்கள். எழுதத் தாளும் மையும், இரவில் படிக்க விளக்கெண்ணெயும்கூட அறக்கட்டளையின் பொறுப்பாக இருந்தன. ‘ஏழை மாணவர்களுக்கு இயன்றதைச் செய்க’ என்ற பொதுப்படையான வாசகத்தில் இவை அடங்கியிருந்தால் பத்தாண்டுகளில் கரைந்திருக்கும். எத்தனை பேர், எவ்வளவு, எதிலிருந்து என்ற மூன்றும் வரையறுக்கப்பட்டதே அதன் வலிமை. 63-ஆவது மாணவருக்கு உரிமை இல்லை. 62-ஆவது மாணவரின் உரிமையை மறுக்க எவருக்கும் அதிகாரமும் இல்லை.

ஐரோப்பாவில் ‘காலேஜ்’ என்பது தொடக்கத்தில் பாடம் நடக்கும் இடத்தைக் குறிக்கவில்லை என்பதையும் இங்குச் சொல்லிச் செல்ல வேண்டும். உதவித்தொகை பெறும் ஏழை மாணவர்கள் தங்கும் விடுதியே காலேஜ். பாரிஸில் 1180-இல் அமைந்த ‘பதினெண்மர் கல்லூரி’ அவ்வகையில் மிகப் பழையது. அதை நிறுவிய லண்டன்காரர் ஜெரூசலம் யாத்திரையிலிருந்து திரும்பும் வழியில், ஒரு மருத்துவமனையின் அறையில் 18 மாணவர்களுக்குப் படுக்கையும் மாதப்படியும் ஏற்படுத்தினார். இதைக் கொண்டும் பிற ஒப்புமைகளைக் கொண்டும், மத்ரஸா வக்ஃபே ஐரோப்பியக் கல்லூரிக்கு முன்மாதிரி என்று ஜார்ஜ் மக்திஸி 1981-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அறிஞர்கள் எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நாமும் அதைப் பற்றி மார்தட்ட விரும்பவில்லை. கொடுத்தவர் யார் என்பதைவிட, வைத்துக் காத்தவர் யார் என்பதே நம்மை உறுத்த வேண்டிய கேள்வி. ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி 1264-ஆம் ஆண்டின் அறக்கட்டளை. அது இன்றும் இயங்குகிறது. முஸ்தன்ஸிரிய்யாவின் கட்டடம் இன்றும் நிற்கிறது. 248 பேரின் தீனார் நிற்கவில்லை.

நம் நாட்டிலேயே, நமக்கு மிக அண்மைக் காலத்தில், இவ்விரு முடிவுகளையும் ஒருங்கே கண்ட அறக்கட்டளை ஒன்று உண்டு. அது வங்காளத்து ஹூக்ளி நகரின் ஹாஜி முஹம்மது முஹ்ஸின் அவர்களுடையது.

முஹ்ஸின் 1732-இல் பிறந்தார். அவரும் மன்னுஜான் கானமும் ஒருதாய் மக்கள், தந்தையர் வேறு. இளமையிலேயே ஊரைவிட்டுப் புறப்பட்டு ஈரான், அரபுநாடு, எகிப்து எனப் பல நாடுகளில் நெடுங்காலம் பயணம் செய்தார், ஹஜ்ஜை நிறைவேற்றினார். மணம் புரிந்துகொள்ளவில்லை. விதவையாகிப் பிள்ளைப்பேறும் இல்லாதிருந்த சகோதரி 1803-இல் மறைந்தபோது, ஜெஸ்ஸூர் மாவட்டத்தின் ஸையித்பூர் ஜமீன் உள்ளிட்ட பெருஞ்சொத்து எழுபது வயதைக் கடந்த இந்த எளிய மனிதரிடம் வந்து சேர்ந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1806-இல், அவர் அனைத்தையும் வக்ஃபு செய்து பத்திரம் எழுதினார். வருமானம் ஒன்பது பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. மூன்று பங்குகள் ஃபாத்திஹா, முஹர்ரம் முதலிய சமயச் சடங்குகளுக்கும் இமாம்பாடாவின் செப்பனிடலுக்கும். இரண்டு பங்குகள் இரு முத்தவல்லிகளுக்கு. எஞ்சிய நான்கு பங்குகள் பணியாளர் ஊதியத்திற்கும், உதவிப்படிகளுக்கும், ஓய்வூதியங்களுக்கும். 1812-இல் அவர் காலமானார்.

வாசகர்கள் இங்குச் சற்று நின்று கவனிக்க வேண்டும். இன்று இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் கல்வி வள்ளலாக அறியப்படும் ஹாஜி முஹ்ஸினின் ஒன்பது பங்குகளில், கல்விக்கென்று பெயர் குறித்த பங்கு ஒன்றுகூட இல்லை. அவர் பெயரால் உதவித்தொகை பெற்ற தலைமுறைகள் அனைத்தும் அப்பத்திரத்தின் வரிகளிலிருந்து அன்றி, அதன் சிதைவிலிருந்து பிறந்தவை எனலாம்.

சிதைவு உள்ளிருந்தே தொடங்கிற்று. அவர் நியமித்த முத்தவல்லிகள் மீது சில ஆண்டுகளிலேயே முறைகேட்டுக் குற்றச்சாட்டு எழுந்தது. கம்பெனி அரசு தலையிட்டு அவர்களை நீக்கியது. முத்தவல்லிக்குரிய ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொண்டது. நீக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கு 1835 வரை நீண்டது. அதற்குள் ஜமீன் நிலங்கள் நிரந்தரக் குத்தகைக்கு விடப்பட்டு, அந்தக் குத்தகைப் பணமும் வருமானமும் சேர்ந்து எட்டு இலட்சம் ரூபாய்க்கு மேல் குவிந்திருந்தன. அன்றைய எட்டு இலட்சம்! அப்பணத்தைக் கொண்டு 1836 ஆகஸ்டில் ஹூக்ளிக் கல்லூரி திறக்கப்பட்டது.

கல்லூரியில் ஆங்கிலப் பிரிவும் கீழைமொழிப் பிரிவும் இருந்தன. ஆங்கிலப் பிரிவில் மாணவர் கூட்டம் நிரம்பி வழிந்தது. முஸ்லிம்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். வங்க இலக்கியத்தின் முதல் பெரும் நாவலாசிரியர் பங்கிம் சந்திரர் ஹூக்ளிக் கல்லூரியின் மாணவர். அண்டைவீட்டுப் பிள்ளை நம் விளக்கொளியில் படித்தான் என்பதில் நமக்கு வருத்தம் இருக்கலாகாது. அறிவின் தானம் யாரைச் சேர்ந்தாலும் தானமே. ஆனால் வீட்டுப் பிள்ளை இருட்டில் அமர்ந்திருந்தான் என்பது வேறு செய்தி. வாகிஃப் விதித்த நிபந்தனை, மார்க்கச் சட்டத்தின் வாசகத்தைப் போன்றே மதிக்கப்பட வேண்டும் என்பது ஃபுகஹாக்கள் வகுத்த விதி. அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், முப்பத்தேழு ஆண்டுகள் அந்தப் பணம் வழிதவறி நடந்தது.

குற்றம் முழுவதும் ஆட்சியாளருடையது என்று எழுதுவது எளிது. நம் மேடைகளில் அப்படித்தான் பேசப்படுகிறது. அது அரை உண்மை. நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் பார்ஸி மொழியின் இடத்தை ஆங்கிலமும் வட்டார மொழியும் 1830-களில் கைப்பற்றிய பின்னரும், மேட்டுக்குடி முஸ்லிம் குடும்பங்கள் ஆங்கில வகுப்பை ஐயத்துடனேயே நோக்கின. ஏழைக் குடும்பங்களுக்கோ மாதக் கட்டணம் மலையாக நின்றது. இலவச இடமும் மாதப்படியும் இல்லாத கல்லூரி, வாயில் அகலமாகத் திறந்திருந்தாலும் ஏழைக்கு மூடிய வாயிலே. ஹூக்ளியில் இல்லாதிருந்தது கல்லூரி அன்று. முஸ்தன்ஸிரிய்யாவின் அந்த 62 என்ற எண்ணே இல்லாதிருந்தது.

இதை முதலில் உணர்ந்தவர்களுள் நவாப் அப்துல் லத்தீஃப் குறிப்பிடத்தக்கவர். 1863-இல் கல்கத்தாவில் முஹம்மதிய இலக்கியச் சங்கத்தை நிறுவிய அவர், முஹ்ஸின் நிதியை முஸ்லிம்களின் கல்விக்கே திருப்ப வேண்டுமென இடைவிடாது வற்புறுத்தினார். 1871-இல் வெளிவந்த வில்லியம் வில்சன் ஹண்டரின் ‘இந்திய முஸல்மான்கள்’ என்ற நூல் இக்குறையை அரசின் முகத்துக்கு நேரே கொண்டு நிறுத்தியது. ஹண்டரின் நோக்கம் தூய கருணை அன்று. முஸ்லிம்கள் கிளர்ச்சி செய்யக் கடமைப்பட்டவர்களா என்பதே அவர் ஆராயப் புகுந்த பொருள். ஆயினும் முஹ்ஸின் நிதி பற்றி அவர் எழுதிய பக்கங்கள் விளைவை உண்டாக்கின. 1873-இல் ஹூக்ளிக் கல்லூரியின் செலவை அரசு தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டு, முஹ்ஸின் நிதியை விடுவித்தது.

விடுவிக்கப்பட்ட பணம் செய்த வேலை வியப்புக்குரியது. டாக்கா, சிட்டகாங், ராஜ்ஷாஹி ஆகிய மூன்று ஊர்களில் 1874-இல் மத்ரஸாக்கள் எழுந்தன. அரசுப் பள்ளிகளில் படித்த முஸ்லிம் மாணவரின் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிதி செலுத்தியது; எஞ்சிய ஒரு பங்கை மாணவர் செலுத்தினால் போதும். முழுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்யாமல் மூன்றில் ஒன்றை மட்டும் தந்தையின் தோளில் விட்டுவைத்த இம்முறையை நாம் மிகவும் மதிக்கிறோம். அது தந்தைக்குக் கூச்சம் தரவில்லை. சிட்டகாங்கின் அந்த மத்ரஸா இன்று முஹ்ஸினின் பெயரையே தாங்கிய அரசுக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது.

ஹூக்ளியின் மாணவர் ஒருவரை இங்குப் பெயர் சொல்லாமல் கடக்க இயலாது. ஸையித் அமீர் அலீ (1849–1928) அங்கு மத்ரஸாவிலும் கல்லூரியிலும் பயின்று 1867-இல் பட்டம் பெற்றார். அரசு உதவித்தொகையுடன் லண்டன் சென்று 1873-இல் பாரிஸ்டர் ஆனார். 1890-இல் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாகவும், 1909-இல் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவில் இடம்பெற்ற முதல் இந்தியராகவும் உயர்ந்தார். ‘இஸ்லாத்தின் ஆன்மா’ என்ற அவரது நூலை அறியாத வாசகர் இந்த இதழுக்குக் குறைவு. அவர் வக்ஃபுச் சட்டத்திலும் பேரறிஞர். வக்ஃபினால் எழுந்த கல்லூரியில் கற்றவர் நீதிமன்றத்தில் வக்ஃபுக்காக வாதாடியதை, கடன் தீர்த்தல் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இவ்வரலாறு வங்காளத்தோடு நின்றுவிடவில்லை. நம் சென்னை மாகாணத்தையும் அது தொட்டது. 1882-இல் அமைந்த இந்தியக் கல்விக் குழுவுக்கு அதே ஹண்டர் தலைமை ஏற்றார். முஸ்லிம்களுக்கெனப் படிநிலை உதவித்தொகை வேண்டும் என்பது நாடு முழுமைக்குமாக அக்குழு செய்த பரிந்துரைகளுள் ஒன்று. தொடக்கப் பள்ளியில் வென்றவர் நடுநிலைப் பள்ளியிலும், நடுநிலையில் வென்றவர் உயர்நிலைப் பள்ளியிலும், மெட்ரிகுலேஷனில் வென்றவர் கல்லூரியிலும் பெறத்தக்கதாக அது வகுக்கப்பட்டது. பள்ளி இறுதியில் நிற்கும் பிள்ளையைக் கல்லூரி வாயில் வரை கைப்பிடித்து அழைத்துச் செல்லும் ஏணி இது. அரசின் நிர்வாகத்தில் உள்ள முஸ்லிம் கல்வி அறக்கட்டளைகளின் வருமானம் முஸ்லிம்களின் கல்விக்கே செலவாக வேண்டும் என்றும் அக்குழு எழுதியது. ஹூக்ளியின் பெயர் அவ்வரியில் இல்லை; அதன் நிழல் இருக்கிறது.

அந்த ஏணியின் பிற்கால வடிவங்களை நம் தலைமுறை கண்டது. 2006-இன் சச்சார் குழு அறிக்கையை ஒட்டிய காலத்தில், சிறுபான்மை மாணவர்களுக்கெனப் பதினோராம் வகுப்பு முதல் ஆய்வுப் பட்டம் வரையிலான உதவித்தொகையை மத்திய அரசு 2007–08-இல் தொடங்கிற்று. அதன்பின் 2009-இல் மௌலானா ஆஸாத் பெயரால் ஆய்வாளர்களுக்கான நல்கையும் வந்தது. 2022-இல் பள்ளி மாணவருக்கான திட்டம் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டுமெனச் சுருக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஆய்வு நல்கை நிறுத்தப்படுவதாக நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. ஆணையால் வந்தது ஆணையால் போயிற்று. அதற்காகக் குரல் கொடுப்பது குடிமக்களாகிய நம் உரிமை; கொடுக்கவே வேண்டும். எனினும் முஹ்ஸினின் முத்தவல்லிகளை நினைக்கும்போது, வக்ஃபும் தானாகவே எவரையும் காத்துவிடாது என்பதும் நினைவுக்கு வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரின் பள்ளிவாசல் வக்ஃபுப் பத்திரத்தைப் படித்துப் பொருள் சொல்ல நம்மை அழைத்திருந்தார்கள். அரபும் தமிழும் கலந்த, கறையான் அரித்த தாள். கடைகளின் வாடகையில் விளக்குக்கு இவ்வளவு, நோன்புக் கஞ்சிக்கு இவ்வளவு என்று வரிசையாக எழுதிச் சென்ற அந்தப் பெரியவர், இறுதி வரியில், இரண்டு தாலிபுல் இல்ம்களுக்கு ஆண்டுதோறும் உடையும் உணவும் என்று எழுதியிருந்தார். விளக்கும் கஞ்சியும் தடையின்றி நடந்து வந்தன. அந்த இறுதி வரியை நிர்வாகத்தில் இருந்த எவரும் அதுவரை படித்ததில்லை. தாலிபுல் இல்ம் என்றால் மத்ரஸா மாணவர் மட்டும்தானா, கல்லூரியில் கணிதம் படிப்பவரும் அதில் அடங்குவாரா என்று ஒருவர் கேட்டார். முஸ்தன்ஸிரிய்யாவில் மருத்துவ மாணவருக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்ததை எடுத்துக் கூறினோம். நீண்ட விவாதம் நடந்தது. இஷா தொழுகைக்கான பாங்கு ஒலிக்கவே கூட்டம் கலைந்தது.

அடுத்த கல்வியாண்டில் அவ்வூர்க் கணக்கேட்டில் இரண்டு பெயர்கள் புதிதாக எழுதப்பட்டன. ஒன்று ஓதும் பிள்ளையின் பெயர். மற்றொன்று, மாவட்டத் தலைநகரின் கல்லூரியில் இளங்கலை கணிதத்தில் சேர்ந்த ஒரு பெண்ணின் பெயர்.