விமானி வேலை ஒன்றல்ல!

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் விமான நிலையத்தைத் தாண்டித்தான் நகருக்குள் நுழைவார்கள். 1938-இல் டாட்டா நிறுவனத்தின் கொழும்பு விமானம் திருச்சியில் நின்றுதான் போனது. இன்று பஸ் ஜன்னலில் இருந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு பைலட் என்றால் பெரிய விமானத்தை ஓட்டுபவர் மட்டுமே. ஆனால் விமானி வேலையில் பல வகை உண்டு. அவற்றின் வித்தியாசம் வரலாற்றைப் பார்த்தால் புரியும்.

முதல் வகை, ஊர் ஊராகச் சென்று காசுக்கு மக்களை ஏற்றிப் பறந்து காட்டுவது. 1929-இல் நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் விமானப்படை விமானி, நண்பர் நியூவலுடன் இரண்டு விமானங்களைக் கொண்டுவந்து இந்தியாவில் இதைத்தான் செய்தார். கூட்டம் வந்தால்தான் வருமானம்.

இரண்டாவது, நேர அட்டவணைப்படி பறப்பது. 1932 அக்டோபர் 15-இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டி வந்தவர் அதே வின்சென்ட்தான்!

மூன்றாவது, பயிற்சியாளர் வேலை. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் பெரிய வேலைகளுக்கு மணிக்கணக்கு கூட வேண்டும். சொல்லிக்கொடுத்துக்கொண்டே அதைச் சேர்த்துக்கொள்ள இது வழி.

நான்காவது, ஒரு முதலாளிக்கோ கம்பெனிக்கோ சொந்த விமானியாக இருப்பது. 1947-இல் உரிமம் பெற்ற பிரேம் மாத்தூரைப் பெண் என்பதால் பல விமான நிறுவனங்கள் நிராகரித்தன. ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் வேலை கொடுத்தது. ஆனால் விமானத்தின் முழுப் பொறுப்பைக் கொடுக்கவில்லை. அதனால் அவர் விலகி ஜி.டி. பிர்லாவின் தனி விமானியானார். 1953-இல் எட்டு நிறுவனங்கள் அரசுடைமை ஆனபோது இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்தார்.

ஏர்லைன்ஸ் விமானிக்குப் பாதை, எரிபொருள், வானிலை எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக் கொடுக்கத் தரையில் ஆட்கள் உண்டு. தனி விமானி இவற்றில் பலவற்றைத் தானே பார்க்க வேண்டும்; சில சமயம் பெட்டியும் தூக்க வேண்டும். வாடகை விமானம் ஓட்டுபவருக்கோ ஒவ்வொரு முறையும் புதிய பயணி, புதிய ஊர்.

எல்லா வேலையிலும் ஒன்று மட்டும் பொது. விமானம் கிளம்பலாமா என்பதில் கடைசி முடிவு தலைமை விமானியுடையது. உலகம் முழுவதும் விதி இதுதான். ஆனால் சம்பளம் தருபவரே பின் சீட்டில் அவசரத்தோடு உட்கார்ந்திருக்கும்போது, "இன்று மழை, போக முடியாது" என்று சொல்வது லேசான காரியமல்ல. தனி விமானியின் உண்மையான பரீட்சை அந்த ஒரு வார்த்தைதான்.

லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் பயிற்சிக்குப் போகும் முன், எந்த வகை வேலை என்பதோடு, அங்கே 'முடியாது' என்று சொல்ல இடம் இருக்கிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.