முதுகில் அச்சடித்த எண்

கேம் சிடி செத்த தேதியை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. கடையில் இன்னும் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறார்கள். மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடப் பளபளக்கிறது. ஆனால் உயிர் போய் நாளாகிவிட்டது, உடலைத்தான் இன்னும் யாரும் எடுக்கவில்லை.

பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். பிஎஸ்2 காலத்தில் அது டிவிடி, பிஎஸ்3 வந்தபோது புளூரே. எங்கள் தெருவில் கடைசிவரைக்கும் சிடிதான். "சிடி படிக்க மாட்டேங்குது", "சிடி மாத்திக்கலாமா", "என் சிடிய எவன்டா கீறினான்?" இந்த மூன்று வாக்கியங்களில் ஒரு கோடை விடுமுறை முழுக்க ஓடிவிடும்.

1994 டிசம்பரில் ஜப்பானில் சோனியின் முதல் பிளேஸ்டேஷன் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பும் சிடியில் கேம் வந்ததுண்டு. ஆனால் உலகம் முழுக்க அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தச் சாம்பல் நிறப் பெட்டிதான். எதிர்முகாமில் நிண்டெண்டோ கேட்ரிட்ஜை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. நிண்டெண்டோ 64 கேட்ரிட்ஜில் அதிகபட்சம் 64 எம்பி கொள்ளும், செய்யக் காசும் நாளும் ஆகும். சிடியில் 650 எம்பி, அச்சடிக்கச் சல்லிக்காசு. நிண்டெண்டோ வீட்டிலேயே வளர்ந்த 'ஃபைனல் ஃபேன்டசி' தன் ஏழாம் பாகத்தை எடுத்துக்கொண்டு சோனி பக்கம் போனதற்கு இதுதான் பெரிய காரணம். 1997இல் மூன்று சிடிகளாக அது வெளிவந்தது.

சல்லிக்காசுக்கு அச்சடிக்க முடிந்தால் சல்லிக்காசுக்கு நகலெடுக்கவும் முடியும். எங்கள் ஊருக்குச் சிடி வந்துசேர்ந்தது அந்த வழியில்தான், மறைக்க ஒன்றுமில்லை. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பிளேஸ்டேஷனுக்குள், நகல் சிடியும் ஓடுவதற்கு, 'சிப்' வைத்திருந்தார்கள். பர்மா பஜார் போய் வருகிறவர்களிடம் சொல்லிவிட்டால் சிடி வரும். பெட்டி கிடையாது, மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதற்குள் கலர் ஜெராக்ஸ் எடுத்த முன்பக்கப் படம் ஒன்று. அசல் பிளேஸ்டேஷன் சிடியின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும் என்பதே எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

அந்தக் காலத்தில்தான் 'மெட்டல் கியர் சாலிட்' கேமில் வந்து மாட்டினேன். ஓரிடத்தில் மெரில் என்ற பெண்ணை ரேடியோவில் கூப்பிட வேண்டும். எந்த அலைவரிசை? பிணைக்கைதியாக இருக்கும் கிழவர் சொல்கிறார்: சிடி பெட்டியின் பின்பக்கம் பார். அதே கிழவர் கதைக்குள்ளும் ஒரு வட்டைக் கையில் தந்திருப்பதால் முதலில் அதைத்தான் எல்லாரும் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். அவர் சொன்னது அதையல்ல. நீ காசு கொடுத்து வாங்கினாயே, உன் மடியில் கிடக்கிறதே, அந்தப் பெட்டி. அதன் முதுகில் சின்னப் படம் ஒன்றில் 140.15 என்று அச்சடித்திருப்பார்கள்.

என் மடியில் ஜெராக்ஸ்தான் கிடந்தது. அதற்கு முதுகே இல்லை.

கதையில் வரும் தளபதியின் எண் 140.85. அதிலிருந்து ஒவ்வொன்றாக முயன்றுவிடலாம் என்று உட்கார்ந்தேன். கீழே இறங்காமல் மேலேயே ஏறிக்கொண்டு போனேன். அடுத்த நாள் பிரவுசிங் சென்டரில் அரை மணிக்குக் காசு கட்டி எண்ணைக் கண்டுபிடித்தபோது, கண்ணாடியில் மூஞ்சியைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. திருட்டு சிடிக்கு இதைவிட நயமான தண்டனையை எந்த நீதிமன்றமும் கொடுத்திருக்காது. கதையின் ஒரு துண்டைப் பெட்டியில் ஒளித்துவைக்கலாம் என்று அதை உருவாக்கிய ஹிடியோ கோஜிமாவுக்குத் தோன்றியதே, பெட்டி என்ற ஒன்று எல்லார் கையிலும் இருக்கும் என்ற நம்பிக்கையில்தானே! இன்றைக்கு அந்த நம்பிக்கையில் யார் கேம் செய்ய முடியும்?

சம்பாதிக்க ஆரம்பித்ததும் அசல் சிடிக்கு மாறினேன். பிஎஸ்4 காலத்தில் புதுக் கேம் பெரும்பாலும் 3,999 ரூபாய். கேட்டால் தலை சுற்றும். ஆனால் கணக்கு அப்படியல்ல. வாங்கி, இரண்டு வாரம் ராத்தூக்கம் கெட்டு முடித்து, கீறல் விழுவதற்குள் 2,500க்குத் தள்ளிவிட்டால் நிஜ விலை 1,500தான். என்னிடம் வாங்கியவர் இன்னொருவருக்கு 1,800க்கு விற்பார். ஒரே சிடி நாலைந்து வீடு பார்க்கும். சம்பளம் ரூபாயிலும் விலை டாலர் கணக்கிலும் இருக்கிற நாட்டில் சிடி பொழுதுபோக்குப் பொருளாக மட்டும் இருக்கவில்லை, அடகு நகை மாதிரி அவசரத்துக்கும் உதவியது.

கம்பெனிகளின் கண்ணை உறுத்தியதும் இதுதான். இரண்டாவது கை மாறும்போது அவர்களுக்கு ஒரு பைசா கிடையாது. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிவிப்பு வந்தபோது, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்டர்நெட்டில் ஆஜராக வேண்டும், கைமாற்றுவதற்கும் கட்டுப்பாடு உண்டு என்றது மைக்ரோசாஃப்ட். சோனி உடனே அரை நிமிடம்கூட வராத ஒரு வீடியோ போட்டது: பிஎஸ்4 கேமைப் பகிர்வது எப்படி? சோனியின் ஷுஹெய் யோஷிதா பக்கத்தில் நிற்பவரிடம் சிடியை நீட்டுகிறார், அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார். முடிந்தது. விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த ஜூன் மாதமே மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. சிடி ஜெயித்துவிட்டது என்று நினைத்தோம்.

வீடியோ போட்ட அதே சோனி 2020இல் சிடி போட வாயே இல்லாத பிஎஸ்5 ஒன்றையும் சேர்த்து இறக்கியது. 2024 நவம்பரில் பிஎஸ்5 ப்ரோ வந்தபோது அதன் விலை அமெரிக்காவில் 699.99 டாலராக இருந்தது, அதிலும் டிரைவ் கிடையாது. வேண்டுமென்றால் 79.99 டாலருக்குத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டும்போது ஒருமுறை இன்டர்நெட்டில் பதியவும் வேண்டும். 2013இல் எதைச் சொல்லிச் சிரித்தோமோ அதில் ஒரு சிட்டிகை.

ஆனால் வாயை அடைப்பதற்கு முன்பே சிடியைக் காலிசெய்யத் தொடங்கிவிட்டார்கள். 2015இல் வந்த 'டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 5' சிடியில் பயிற்சிப் பகுதியும் மைதானம் கட்டும் பகுதியும்தான் விளையாடக் கிடைத்தன. மிச்சத்தை முதல் நாளே இறக்கிக்கொள்ள வேண்டும். சிடியில் இருந்ததைவிட இறக்க வேண்டியது பெரிது. 2022இன் 'கால் ஆஃப் டூட்டி' பிஎஸ்5 சிடியில் நூறு எம்பிகூட இல்லை. புளூரே தட்டு ஐம்பது ஜிபி கொள்ளும்! கல்யாண வீட்டில் இலை போட்டு, உப்பை மட்டும் வைத்துவிட்டு, சாப்பாடு பக்கத்து ஓட்டலில் என்று சொன்ன கதை. நிண்டெண்டோ 2025இல் ஸ்விட்ச் 2இல் இதற்குப் பெயரே வைத்துவிட்டது: 'கேம் கீ கார்டு'. கார்டில் கேம் இல்லை, திறவுகோல் மட்டும். பூட்டு அவர்கள் வீட்டில். அதே மெஷினுக்கு 'சைபர்பங்க் 2077' முழுக் கேமும் 64 ஜிபி கார்டில் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மனமிருந்தால் இடமிருக்கிறது.

சிடி கையில் இருந்தால் கேம் நம்முடையது என்ற நினைப்பையும் யூபிசாஃப்டின் 'தி க்ரூ' போக்கிவிட்டது. 2014இல் வந்த கார் ஓட்டும் கேம். 2024 மார்ச் 31இல் சர்வரை நிறுத்தினார்கள். தனியாக ஓட்டுவதற்கும் சர்வர் வேண்டும் என்பதால் சிடி வைத்திருந்தவர்களும் நடுத்தெருவில் நின்றார்கள். ராஸ் ஸ்காட் தொடங்கிய 'கேம்களைக் கொல்லாதே' இயக்கத்தின் மனுவுக்கு 2025 ஜூலைக்குள் ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்து சேர்ந்ததற்கு முதல் காரணம் இந்தச் சாவுதான்.

நானும் யோக்கியன் இல்லை. கடைசி இரண்டு வருடத்தில் வாங்கியதில் முக்கால்வாசி தள்ளுபடி நேரத்தில், சோபாவிலிருந்து எழாமல், பட்டனை அழுத்தி வாங்கியதுதான். மழையில் போக வேண்டாம், சிடி மாற்ற எழ வேண்டாம். அதற்கு நான் கொடுத்த விலை, முடித்த கேமை யாருக்கும் தர முடியாது. தங்கை ஒருமுறை போனில், "அண்ணா, அந்தச் சிலந்தி கேம உன் மருமவனுக்குக் குடேன்" என்றாள். என் பாஸ்வேர்டைத்தான் கொடுக்க முடியும் என்றேன். "அது எதுக்கு" என்று வைத்துவிட்டாள்.

போன பொங்கலுக்கு அந்த மருமகன் வந்திருந்தான். பழைய சாமான் கடையொன்றில் தேடிப்பிடித்து வாங்கிய அசல் 'மெட்டல் கியர் சாலிட்' பெட்டி என் அலமாரியில் இருக்கிறது. போட்டுப் பார்க்க மெஷின் இல்லை. சித்தப்பாவுடையது லென்ஸ் போய், தலைகீழாகத் திருப்பிவைத்தால்தான் படிக்கும் என்றாகி, பிறகு அதுவும் நின்றுவிட்டது. பையன் பெட்டியைத் திறந்தான். சிடியின் கறுப்பு அடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"இத எங்க சொருகணும் மாமா?"

"இப்ப எங்கயும் சொருக முடியாதுடா."

மூடிவிட்டுப் பின்பக்கம் திருப்பினான். "யாரு இந்தப் பொண்ணு? நம்பர் போட்டிருக்கு."

"படி."

"ஒன் ஃபார்ட்டி பாயின்ட் ஒன் ஃபைவ். கூப்பிட்டா எடுப்பாங்களா?"

"எடுப்பா" என்றேன்.