ஷண்முகம் ரோடும் ஒரு கோயம்புத்தூர்க்காரரும்

எர்ணாகுளம் வந்துபோகும் நம்மூர் ஆட்கள் எல்லோரும் ஒரு தடவையாவது நடந்திருக்கும் சாலை ஷண்முகம் ரோடு. ஹைகோர்ட் ஜங்ஷனிலிருந்து மேனகா வழியாகத் தெற்கே போகும். ஒரு பக்கம் மரைன் டிரைவ், இன்னொரு பக்கம் பிராட்வேக்குள் நுழையும் சந்துகள். துணி எடுக்க, நகை பார்க்க, காயலில் படகு விட என்று ஊரிலிருந்து யார் வந்தாலும் கடைசியில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவோம்.

யார் இந்த ஷண்முகம்? ஆபீஸில் கேட்டுப் பார்த்தேன். "பழைய மேயராக இருக்கும்" என்றார் ஒருவர். "அங்கே முருகன் கோவில் இருந்திருக்கும் சாரே" என்றார் இன்னொருவர். நம்மூர்ப் பையன் ஒருவன், சேல்ஸ் வேலைக்கு இங்கே வந்தவன், "சிக்கல் சண்முகசுந்தரமா சார்?" என்றான். நாதஸ்வரத்தோடு சிவாஜி மரைன் டிரைவில் உட்கார்ந்திருப்பதை நினைத்து ரொம்ப நேரம் சிரித்தேன்.

அவர் சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1892-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். பேங்க் பரீட்சைக்குப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் மறக்காது. சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் யார் என்ற கேள்வி வராத பொது அறிவுப் புத்தகமே கிடையாது. ஆனால் அதற்கு முன்னால், 1935 முதல் 1941 வரை, அவர் கொச்சி ராஜ்யத்தின் திவான். நாம் வாடகைக்கு வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, கேஸ் கனெக்‌ஷனுக்கு அலைகிற இதே ஊரை ஆறு வருஷம் நடத்தியவர் ஒரு தமிழர். நான் படித்த எந்தப் பாடப் புத்தகத்திலும் இந்த ஆறு வருஷம் இல்லை.

அந்தக் காலத்துக் கொச்சி எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்று வைட்டிலாவிலிருந்து லுலு மால் போக இடப்பள்ளிக்கு பஸ் ஏறுகிறீர்கள். 1935-இல் அதே பாதையில் போயிருந்தால் கொச்சி ராஜ்யத்தை விட்டுத் திருவிதாங்கூருக்குள் நுழைந்திருப்பீர்கள். போர்ட் கொச்சிக்குப் போனால் இன்னும் வேடிக்கை. அது பிரிட்டிஷ் கொச்சி. சென்னை மாகாணம், மலபார் ஜில்லா. அதை ஒட்டிய மட்டாஞ்சேரி மறுபடி மகாராஜாவுடையது. ஒரே காயலைச் சுற்றி மூன்று அரசுகள், மூன்று கஜானாக்கள். எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, போர்ட் கொச்சி மூன்று நகரசபைகளும், வைட்டிலா, இடப்பள்ளி, வெண்ணலா, பள்ளுருத்தி பஞ்சாயத்துகளும் சேர்ந்து ஒரே கார்ப்பரேஷனாக ஆனது 1967 நவம்பர் 1-ஆம் தேதிதான். (வைட்டிலா என்ற பெயரே வயல் தலை என்பதிலிருந்து வந்தது என்பார்கள். இன்றைக்கு பிளைஓவருக்குக் கீழே நின்றுகொண்டு வயலைத் தேடக் கூடாது!)

இந்த மூன்று அரசுகளும் சேர்ந்து செய்தாக வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. அதுதான் துறைமுகம். கொச்சிக் காயலின் வாயை ஒரு மணல் திட்டு மறித்துக்கொண்டிருந்தது. பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நின்றுவிடும். சரக்கைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் நடக்காது. 1920-இல் சென்னை அரசு அனுப்பிய ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அந்தத் திட்டை வெட்டி வழி உண்டாக்கினார். வாரிய மண்ணைக் கொட்டி எழுப்பியதுதான் வெலிங்டன் தீவு. 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் உள் துறைமுகத்துக்குள் வந்தது.

ஆக, செட்டியார் திவானாக வரும்போது கப்பல் உள்ளே வந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. கொச்சித் துறைமுகத்தைக் கட்டியவரே அவர்தான் என்று நம்மவர்கள் சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். அது சரியல்ல. அந்தப் பெருமை பிரிஸ்டோவுக்கு. செட்டியாரின் வேலை வேறு மாதிரி. அதை என்னைப் போன்ற கணக்குப்பிள்ளைகள்தான் ரசிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

துறைமுகம் என்றால் சுங்கம். சுங்கம் என்றால் சண்டை. யார் எவ்வளவு முதல் போடுவது, வரும் சுங்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சென்னை, கொச்சி, திருவிதாங்கூர் மூன்றும் 1925-இல் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. ஒப்பந்தம் போட்ட பிறகும் இழுபறி ஓயவில்லை. கூட்டு வங்கிக் கணக்கு வைத்திருக்கும் மூன்று அண்ணன் தம்பிகளைக் கவுண்டரில் ஒரே நேரத்தில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ராணுவமும் ரெசிடென்ட் துரையும் இருந்தால் எப்படி இருக்கும்? இந்த இடத்தில்தான் செட்டியாரின் பழைய அனுபவம் கை கொடுத்தது. டெல்லி மத்திய சட்டசபையில் பத்து வருஷம் உறுப்பினர், 1933-34-இல் அதன் தலைவர், 1932-இல் ஒட்டாவா வர்த்தக மாநாட்டில் இந்தியப் பிரதிநிதி. எந்த ஆபீஸில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்த ஆள். 1936-இல் கொச்சி பெரிய துறைமுகம் என்ற தகுதியைப் பெற்று மத்திய அரசின் பொறுப்புக்குப் போனது. தீவை ஒரு புறம் எர்ணாகுளத்தோடும் மறுபுறம் மட்டாஞ்சேரியோடும் சேர்க்கும் பாலங்களும் அந்தக் காலத்தில் எழுந்தவைதான்.

கோயம்புத்தூர்க்காரருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் திறந்திருப்பதால் கோவைக்குக் கிட்டத்துக் கடல் சென்னையில் இல்லை, கொச்சியில்தான் இருக்கிறது. 1932-33-இல் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையில் மில்கள் மளமளவென்று முளைத்தன. செட்டியார் குடும்பத்துக்கும் மில் இருந்தது. மில்லுக்கு வேண்டிய இயந்திரமும் பஞ்சும் வர, நூலும் நீலகிரித் தேயிலையும் போக, ஒரு துறைமுகம் வேண்டும். கொச்சி வளர்ந்தால் கோவை வளரும். இதைச் சுயநலம் என்பீர்களோ, தொலைநோக்கு என்பீர்களோ, உங்கள் இஷ்டம். லோன் கொடுக்கும் தொழிலில் இருக்கும் எனக்கு இரண்டுக்கும் நடுவில் பெரிய சுவர் தெரிவதில்லை.

துறைமுகம் தவிர இன்னும் இரண்டு காரியங்கள். 1938 ஜூனில் கொச்சியின் தலைமை நீதிமன்றம் ஹைகோர்ட்டாக உயர்த்தப்பட்டது. அதே வருஷம் ஒரு புதிய அரசியல் சட்டம் வந்து, சில துறைகளைச் சட்டசபைக்குப் பதில் சொல்லும் அமைச்சர் ஒருவரிடம் ஒப்படைத்தது. அம்பாட்டு சிவராம மேனோன் முதல் அமைச்சர். இந்திய சமஸ்தானங்களில் இப்படி ஓர் இரட்டை ஆட்சி முறையை முதலில் கொண்டுவந்தது கொச்சிதான். பாதி அதிகாரம்தான், முக்கியமான துறைகள் எல்லாம் திவான் கையிலேயே இருந்தன என்று அப்போதே குறை சொன்னார்கள். குறை நியாயமானதே.

நிற்க. நம்மவர் என்பதால் ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. திருச்சூர்க்காரர்களிடம் சண்முகம் செட்டியார் பெயரைச் சொன்னால் வேறு கதை வரும். 1936-இல் திருச்சூர் நகரத்துக்கு மின் விநியோகம் செய்யும் உரிமையைச் சென்னையைச் சேர்ந்த ஒரு தனியார் நிறுவனத்துக்குத் தர திவான் அரசு முடிவு செய்தது. எங்கள் ஊர் விளக்கை எங்கள் நகரசபைதான் ஏற்ற வேண்டும் என்று ஊர் திரண்டுவிட்டது. முன்னால் நின்றவர்களில் ஒருவர் இக்கண்ட வாரியர். பின்னாளில், 1948-49-இல், கொச்சியின் கடைசிப் பிரதமராக இருந்தவர். அன்று திவான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் கொச்சி ராஜ்யத்தில் சாதாரண மக்கள் அரசியலுக்கு வந்ததே அந்தப் போராட்டத்தில்தான் என்று சொல்பவர்கள் உண்டு. இன்று கேரளாவில் தானே மின்சாரம் விநியோகிக்கும் ஒரே கார்ப்பரேஷன் திருச்சூர்தான் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு இன்னும் உறுத்துவது கோவில் விஷயம். 1936 நவம்பரில் திருவிதாங்கூர் தன் கோவில்களை எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிட்டது. பக்கத்து ராஜ்யமான கொச்சி திறக்கவில்லை. 1947-48 வரை கதவு மூடியே கிடந்தது. மகாராஜாவுக்கு விருப்பமில்லை, திவான் என்ன செய்வார் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் இந்தத் திவான் நீதிக்கட்சியில் வளர்ந்தவர். சம உரிமை பேசிய மேடைகளிலிருந்து வந்தவர். அவருடைய நிர்வாகத்தில் இது நடந்தது என்பதை நான் சுலபமாகத் தாண்டிப் போக முடியவில்லை.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், வீட்டில் ஒரு கேள்வி வந்தது. சின்னவனைப் பள்ளியில் யாரோ "பாண்டி" என்று கூப்பிட்டிருக்கிறான். கேரளாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் சொல்லைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. "நாம இங்க சும்மா வந்து ஒட்டிக்கிட்டு இருக்கோமாப்பா?" என்று கேட்டான். அவனிடம் முதலில் திவானைப் பற்றிச் சொல்லவில்லை. போர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்தில் இருக்கும் டோபிகானாவுக்குக் கூட்டிப் போனேன். அங்கே துவைப்பவர்கள் தமிழர்கள். டச்சுக்காரர்கள் காலத்தில் அவர்களின் உடுப்பைத் துவைக்க வந்தவர்களின் வழியினர் என்று சொல்கிறார்கள். வரும் வழியில் வாத்துருத்தியையும் காட்டினேன். துறைமுகத்தை நம்பி வந்த தமிழ்த் தொழிலாளிகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் இடம். அதற்கப்புறம்தான் ஷண்முகம் ரோட்டுக்குப் போனோம். பலகையை எழுத்துக்கூட்டி மலையாளத்தில் படித்தான். (என்னைவிட நன்றாகப் படிக்கிறான்.) துவைத்தவரும் சுமந்தவரும் ஆண்டவரும் நம்மவர்தான் என்றேன். "அதுல யாருக்குப்பா ரோட்டுல பேரு?" என்று கேட்டான். நான் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

செட்டியாரின் மீதிக் கதை டெல்லிக் கதை. 1941-இல் கொச்சியை விட்டார். அமெரிக்காவில் இந்தியக் கொள்முதல் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1944-இல் பிரெட்டன்வுட்ஸ் மாநாட்டில் இந்தியக் குழுவில் இருந்தார். ஐ.எம்.எஃப், உலக வங்கி இரண்டும் உருவான மாநாடு அது. காங்கிரஸ்காரராக இல்லாமலே நேருவின் அமைச்சரவைக்குள் வந்து, 1947 நவம்பர் 26-இல் முதல் பட்ஜெட் படித்தார். ஏழரை மாதத்துக்கான கணக்கு. வரவு 171 கோடி, செலவு 197 கோடி. இன்று இதைவிடப் பெரிய தொகையைத் தனி ஆள் கடனாகக் கேட்டு வருகிறார். வரி ஏய்ப்பு விசாரணைப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் விலக்கப்பட்டது தொடர்பான சர்ச்சையில் 1948 ஆகஸ்டில் பதவி விலகினார். 1953 மே மாதம் காலமானார்.

இடையில் தமிழிசை இயக்கத்தின் முன்வரிசையில் நின்றார். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதினார். திவானாக இருந்தவருக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டால், காண்டத்தின் பெயரைப் பாருங்கள். மூன்று காண்டங்களில் அவர் எடுத்துக்கொண்டது துறைமுக நகரத்தின் காண்டம். சேர நாட்டுத் துறைமுகத்தில் ஆறு வருஷம் இருந்துவிட்டுப் போனவர்!

அந்தத் துறைமுகம் மட்டாஞ்சேரியை என்ன செய்தது என்பதும் தெரிய வேண்டும். கப்பல் வெலிங்டன் தீவில் அணையத் தொடங்கியதும் காயலோரத்துப் பழைய பண்டகசாலைகளுக்கு மெல்ல வேலை குறைந்தது. மிளகும் இஞ்சியும் கிடந்த கிடங்குகள் காலியாகின. 1867-இல் தொடங்கிய ஆஸ்பின்வால் கம்பெனியின் வளாகம் அப்படி ஒன்று. 2012 டிசம்பர் 12-இல் கொச்சி-முசிரிஸ் பியனாலே தொடங்கியபோது முக்கிய அரங்கு அதுதான். நடத்தியவர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு ஓவியர்கள். பிழைக்க மும்பை போன மலையாளிகள். வெளியூர் போனவர்கள் திரும்பி வந்து சொந்த ஊருக்கு ஒன்று செய்தார்கள், வெளியூரிலிருந்து வந்தவர் இந்த ஊருக்கு ஒன்று செய்துவிட்டுப் போனார். ஜூ டவுன் கடைகளில் இன்று நடக்கும் டூரிஸ்ட் வியாபாரத்தில் இரண்டு பேர் கணக்கும் இருக்கிறது.

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் இப்படிச் செய்து பாருங்கள். ஷண்முகம் ரோட்டை வடக்கேயிருந்து, அதாவது ஹைகோர்ட் பக்கமிருந்து நடந்து வாருங்கள். இந்த ரோடுதான் ஒரு காலத்தில் காயலின் கரை; மரைன் டிரைவ் நிற்கும் இடம் பிற்பாடு தூர்த்த நிலம். அப்படியே எர்ணாகுளம் ஜெட்டிக்கு நடந்து போர்ட் கொச்சி படகில் ஏறுங்கள். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் வெலிங்டன் தீவு முழுக்கத் தெரியும். வலது பக்கம் வல்லார்பாடத்தின் பெரிய கிரேன்கள். 2011-இல் கன்டெய்னர் வேலை எல்லாம் அங்கே போய்விட்டது. டிக்கெட்டுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.