பாலைவனத்தில் முறிந்த பட்டை

சரக்கு லாரியின் பின்சக்கரத்திற்கு மேலே, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி இறுக்கப்பட்ட எஃகுப் பட்டைகளை நெடுஞ்சாலைகளில் நாம் கண்டிருக்கிறோம். பாரம் தாங்கும் வில் அதுவே. 1940-இல் லிபியப் பாலையுள் புகுந்த ஒரு சிறு படையின் உயிர் இப்பட்டைகளை நம்பியிருந்தது.

ரால்ஃப் பாக்னால்டு எகிப்தில் அமைத்த நெடுந்தொலைவுப் பாலைவனப் படை அது. தொடக்கத்தில் அதில் சேர்ந்தோர் பெரும்பாலும் நியூசிலாந்தினர். 1942-இல் இந்திய அணியொன்றும் அதனுடன் இணைந்தது. ஒன்றரை டன் செவர்லே லாரிகளில் பெட்ரோல், தண்ணீர், உணவு, தோட்டா எல்லாம் ஏற்றவேண்டும். ஆதலால் வில்லில் கூடுதல் பட்டைகளைச் சேர்த்தே புறப்பட்டனர். ஆயினும் கல்தரையில் அவையும் முறிந்தன. மணலைக் காட்டிலும் கல்லே வில்லுக்குப் பகை.

பட்டறையோ பல நூறு மைலுக்கு அப்பால். உதிரிப் பட்டை இருந்தால் ஜாக்கியால் சட்டத்தை உயர்த்தி, யூ போல்ட்டுகளைக் கழற்றி மாற்றலாம். இல்லையேல்? படைவண்டி ஓட்டுவோர் அறிந்த உபாயம் ஒன்று உண்டு. அச்சுக்கும் சட்டத்திற்கும் இடையே மரக்கட்டையைச் செருகி, கயிற்றால் இறுகக் கட்டுவர். முறிந்தது கண்ணுள்ள தலைப்பட்டையெனில் அச்சே இடம்பெயரும். அதைச் சங்கிலியாலும் பிணைக்கவேண்டும். வில்லின் வேலையைக் கட்டை செய்யாது. குலுக்கல் முழுவதும் சட்டத்தில் இறங்கும். எனவே வண்டி ஊர்ந்தே செல்லும்.

ஊர்ந்தாலும் செல்கிறதே! 1941 சனவரி இறுதியில் ஜெபல் ஷெரீஃபில் இத்தாலியர் தாக்க, லாரிகளை இழந்த நால்வர் சொற்பத் தண்ணீருடன் தெற்கே நடந்தனர். அவர்களுள் ஒருவர் 200 மைலுக்கு மேல் நடந்தார். இன்னொருவர் மீட்கப்பட்டும் பிழைக்கவில்லை.